குளக்கரையில் நாகசுரம்

கோடையில் திறந்த வெளியில், நீர்நிலையின் ஓரமாக நின்று இசை கேட்கும் வாய்ப்பைத் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சித்திரை வசந்த உற்சவம் ஆண்டுதோறும் கட்டணமில்லாமல் வழங்கிவருகிறது. வசந்த உற்சவம் என்பது வெயில் கடுமையாக இருக்கும் நாட்களில் இறைவனைக் குளிர்விக்கும் நோக்கில் நடத்தப்படும் பத்து நாள் விழா. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கருங்கல் தளம் இரவிலும் பாதத்தைச் சுட்டுக்கொண்டிருக்க, மூன்றாம் பிரகாரத்தின் மகிழ மரத்தைச் சுவாமி பலமுறை வலம் வருவார். அப்போது பொம்மை ஒன்று அவர்மீது பூச்சொரியும். நிறைவு நாளில் அய்யங்குளத்தில் தீர்த்தவாரியும், அதாவது இறைவனுக்கான புனித நீராட்டும், இரவில் மன்மத தகனமும் நடைபெறும்.

இத்தகைய விழாக்களில் முன்செல்வது பெரிய மேளம் என வழங்கும் நாகசுர, தவில் குழு. சுவாமி புறப்படும்போது வாசிக்கப்படும் மல்லாரி, சாகித்தியம் இல்லாத, தாளக்கட்டே முதன்மையான உருப்படி. பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில் அமைவது. நாகசுரத்தின் அமைப்பே வெளிக்காற்றுக்கு ஏற்றது. ஆச்சா மரத்தைக் கடைந்த குழலின் மேல்முனையில் நாணலால் செய்த சீவாளி அதிர்கிறது. கீழ்முனையில் அணசு என்னும் அகன்ற வாய் ஒலியை வெளியே தள்ளுகிறது. விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளை மெழுகால் வேண்டிய அளவு அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். முன்பு வழக்கிலிருந்த குட்டையான திமிரி நாகசுரத்தின் சுருதி உச்சமானது. அதைவிட நீளமான, சுருதி தணிந்த பாரி நாகசுரம் பரவுவதற்குத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பெருங்காரணமானார். தவில்காரர் வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டியும், இடக்கையில் கழியை ஏந்தியும் வாசிப்பதால், தோல்மீது விழும் ஒவ்வொரு சொல்லும் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டித் தெளிவாகக் கேட்கும்.

கருவியின் வலிமையோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. ஒலி சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் சற்று மெதுவாகவும் செல்வதால், அதன் பாதை எப்போதும் குளிர்ந்த அடுக்கின் பக்கம் வளைகிறது. நண்பகலில் தரையை ஒட்டிய காற்றே மிகவும் சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து, தொலைவில் நிற்பவரை எட்டாமல் போகிறது. நீருக்கு மேலே நிலைமை தலைகீழ்: நீரைத் தொட்டிருக்கும் காற்று, அதற்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து எதிர்க்கரையைச் சேர்கிறது. நீர்ப்பரப்பும் கருங்கல் படிகளும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதும் இதற்குத் துணை. சிறிய குளத்தில் காற்றடுக்கின் பங்கு குறைவு, படிகளின் பங்கு மிகுதி. தீபத் திருவிழாவை அடுத்து இதே அய்யங்குளத்தில் தெப்பம் விடுவது பனிக்கால வழக்கமென்பதால், இந்தக் குளத்துக்கு இசை கோடையோடு முடிந்துவிடுவதில்லை.

நீரையும் இசையையும் இணைத்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். 1717 ஜூலை 17 அன்று மாலை பிரிட்டன் மன்னர் முதலாம் ஜார்ஜ் தேம்ஸ் நதியில் படகில் சென்றபோது, ஏறத்தாழ 50 கலைஞர்கள் மற்றொரு படகிலிருந்து ஹாண்டெல் இயற்றிய இசையை வாசித்தார்கள். மன்னர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வெளியில் ஒலிக்க வேண்டிய அந்த இசையிலும் ஊதுகருவிகளுக்குச் சிறப்பிடம் இருந்தது தற்செயல் அல்ல.

இன்று திருவிழா என்றாலே கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டுவது வழக்கமாகிவிட்டது. அறிவிப்புக்கு அது தேவைதான். காணாமற்போன குழந்தையைத் தேடுபவருக்கு அதைவிட உதவி வேறில்லை. ஆனால் நாகசுரத்தின் முன்னால் ஒலிவாங்கியை வைப்பது அதன் குழைவையும் கமகத்தையும் கெடுத்து, வெறும் சத்தமாக்கிவிடுகிறது. தீர்த்தவாரியன்று அய்யங்குளத்துக்குச் செல்பவர்கள் ஒலிபெருக்கியின் அடியை விட்டு விலகி, மேளக்காரர்களுக்கு நேர் எதிரே உள்ள படிகளில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.