கோல்கீப்பரின் வேலை எப்போது தொடங்குகிறது?

வில்லியனூரிலோ பாகூரிலோ பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் அணி பிரிக்கும்போது, ஓட்டத்தில் பின்தங்குகிற பிள்ளையைக் கோலில் நிறுத்திவிடுவார்கள். பந்து வந்தால் தடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்ற நினைப்பு. பெரியவர்களான நாமும் அப்படித்தான் எண்ணுகிறோம். அடித்த பந்தைப் பார்த்துச் சட்டென்று பாய்பவர்தான் கோல்கீப்பர் என்கிறோம். இது எவ்வளவு சரி என்று, ஒரு கோல்கீப்பரின் வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்த பி. ஆர். ஸ்ரீஜேஷ் 1988-இல் பிறந்தவர். கேரளத்தின் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பம். திருவனந்தபுரம் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு ஹாக்கி தெரியாது. ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று சுற்றிவிட்டுத்தான் கோலுக்கு வந்தார். பேட், ஹெல்மெட் வாங்க அவருடைய அப்பா பசுமாட்டை விற்றார். கொல்லம் ஸ்ரீ நாராயணா கல்லூரியில் வரலாறு படித்தார். 2006-இல் இந்திய அணிக்குள் வந்தவர், 36 வயதில், 336 சர்வதேசப் போட்டிகளுக்குப் பிறகு 2024-இல்தான் விடைபெற்றார். இத்தனை காலம் நிலைத்து நிற்கக் கைவேகம் மட்டும் போதுமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பெனால்டி கார்னர் என்பது ஓர் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு. பந்தை ‘டி’ எனப்படும் அரைவட்டத்தின் விளிம்புக்கு வெளியே நிறுத்தி, உள்ளே இழுத்து, ஸ்டிக்கால் சுழற்றிக் கோலுக்குள் விடுவார்கள். தூரம் ஏறத்தாழ 14 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை விநாடியில் கோலுக்குள் போய்விடும். கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகும். மிச்சமிருக்கும் நேரத்தில் 3.66 மீட்டர் அகலமுள்ள கோலைக் காக்க வேண்டும்.

அப்படியென்றால் பந்து கிளம்பிய பிறகு வேலையைத் தொடங்கினால் பல நேரம் தாமதமாகிவிடும். அடிப்பவரின் முன்கால் எங்கே ஊன்றுகிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கீப்பர் முன்பே படித்துவிடுகிறார். நாம் பாய்ச்சலை மட்டும் பார்க்கிறோம். தீர்மானம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது, நிற்கும் இடம். டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, நடுவில் உள்ளங்கையைக் காட்டுங்கள். கை சுவரோரம் இருந்தால் நிழல் சின்னது. டார்ச்சை நெருங்க நெருங்க நிழல் சுவரையே மூடும். பந்துதான் டார்ச், கோல்தான் சுவர். கீப்பர் கோட்டிலிருந்து இரண்டடி முன்னே வந்தாலே, அடிப்பவருக்குத் தெரியும் இடைவெளி சுருங்கிவிடும். ஆனால் ரொம்ப முன்னே வந்தால் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எவ்வளவு வருவது என்ற அளவைத்தான் கீப்பர்கள் ஆண்டுக்கணக்கில் கற்கிறார்கள்.

இந்த அறிவு, ஆட்டம் சமனில் முடிந்தால் வரும் ஷூட்-அவுட்டில் நன்றாகத் தெரியும். எதிராளி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருவார். அவருக்கு 8 விநாடிதான். கீப்பர் முன்னேறி வழியை அடைத்து, அவரை ஓரத்துக்குத் தள்ளினால் நேரம் கரையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால் இந்தியா பெரும்பகுதி நேரம் பத்துப் பேரோடு ஆடியது. 1-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில், ஷூட்-அவுட்டில் பிரிட்டனை 4-2 என வென்றது. கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ். அதற்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவரும் அவர்தான். 41 ஆண்டு கழித்து இந்தியாவுக்கு ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் வந்தது. அவர் அணிந்த 16-ஆம் எண்ணைச் சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

கோலில் நிறுத்த வேண்டியது ஓட முடியாத பிள்ளையை அல்ல, கவனிக்கத் தெரிந்த பிள்ளையை. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோலின் இரண்டு கம்பங்களிலும் கயிறு கட்டி, இரு முனைகளையும் பந்திருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடியுங்கள். அந்த முக்கோணத்துக்குள் முன்னும் பின்னும் நடந்தாலே பிள்ளைக்குக் கணக்கு புரிந்துவிடும். டென்னிஸ் பந்தில் தொடங்குங்கள். ஹெல்மெட்டும் பேடும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் ஹாக்கிப் பந்துக்கு எதிரே நிறுத்தாதீர்கள்.