கேட்டால்தான் தெரியும்

"அவங்க சிங்களத்தில சொன்னாங்க, நான் தலையாட்டிப்போட்டு வந்திட்டன்."

படுவான்கரைக் கிராமங்களில் பெண்களைச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. காணாமற்போன மகனைப் பற்றி முறைப்பாடு செய்யப்போன தாய், வெளிமாவட்ட வைத்தியசாலையில் பிள்ளையை வைத்திருந்த தாய் என்று பலரும் இப்படித் திரும்பியிருக்கிறார்கள். விளங்காத கடதாசியில் ஒப்பமிட்டவர்களும் உண்டு.

இதற்கு மொழி மாத்திரம் காரணமல்ல. சோதனைச்சாவடிகளில் கேள்வி கேட்டது அவர்கள், பதில் சொன்னது நாங்கள். கேட்பது எங்கள் வேலையல்ல என்று பழகிவிட்டோம். ஆனால் கேட்கத் தெரியாவிட்டால் நட்டம் எங்களுக்கே.

சகோதரிகளே, சிங்களத்தில் கேள்வி கேட்பது நாம் பயப்படும் அளவுக்குக் கடினமல்ல. ஆங்கிலத்தில் கேட்பதற்குச் சொற்களை இடம் மாற்ற வேண்டும். சிங்களத்தில் அது தேவையில்லை. 'ஐயா வருகிறார்' என்பதை 'வருகிறாரா' என்று நாம் மாற்றுவது போல, 'மாத்தயா எனவா' என்பதோடு 'த' சேர்த்தால் 'மாத்தயா எனவாத?' என்று கேள்வியாகிவிடும். நமக்கு 'ஆ', அவர்களுக்கு 'த'. 'பாதி' என்னும் சொல்லில் வருவது போல அதை மென்மையாக உச்சரிக்க வேண்டும்.

வினாச் சொற்களின் முடிவிலும் இந்தத் 'த' இருக்கிறது. கவுத (யார்), மொகக்த (என்ன), கொஹேத (எங்கே), கவதாத (எப்போது), கீயத (எவ்வளவு). இவை வரும்போது வினைச்சொல் சற்று மாறும். 'மாத்தயா என்னே கவதாத?' என்றால் 'ஐயா வாறது எப்ப?' என்று பொருள். நாமும் 'வாறார்' என்பதை 'வாறது' என்று மாற்றித்தானே கேட்கிறோம்!

மூன்று கேள்விகளை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

'தெமள கதா கரண கெனெக் இன்னவாத?' – தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாரா?

'மேக்கே மொனவாத லியலா தியென்னே?' – இதில் என்ன எழுதியிருக்கிறது?

'ஆய எண்ட ஓனே கவதாத?' – திரும்ப எப்போது வர வேண்டும்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் விளங்கும்வரை ஒப்பமிடாதீர்கள்.

சிங்களம் படிப்பது எமது வசதிக்காக. அதனால் தமிழில் கேட்கும் உரிமை இல்லாமற் போவதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்தது. அது மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் எமக்கு உதவும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் அலுவலராகவும் ஒருவர் கேட்பவராகவும் இருந்து இவற்றைப் பேசிப் பழகுங்கள். முதலில் நாக்குத் தடுமாறும், சிரிப்பும் வரும். பரவாயில்லை. நம்மிடையே தடுமாறிப் பழகினால் அலுவலகத்தில் குரல் தானாக வரும்.