கோடைத் தொலைக்காட்சியும் வில்பந்த் திருவிழாவும்



சென்ற மாதம் வருமானவரிப் பத்திரம் நிரப்புவது பற்றிப் பேசியிருந்தேன். இந்த மாதம் கணக்குப் புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டு, எங்கள் வீடுகளில் பிள்ளைகள் யூன் மாதம் முழுவதும் கதைத்துக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். இடையில் கொஞ்சம் கணக்கும் வரும். பழக்கதோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

யூலை முதற்பாதியில் கார் து நோர் நிலையத்தில் ஒரு காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீல முடி, வெள்ளி முடி, அட்டையில் செய்த வாள், முதுகில் சிறகு என்று வேடமிட்ட இளம் பிள்ளைகள் ஆர்.ஈ.ஆர். பி மேடையில் கூட்டங் கூட்டமாக நிற்பார்கள். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும் எங்கள் அம்மாமார் "இதென்ன கூத்து?" என்று நின்று பார்ப்பார்கள். இந்தப் பிள்ளைகள் போவது வில்பந்த் கண்காட்சி மண்டபத்தில் நடைபெறும் யப்பான் எக்ஸ்போவுக்கு. நான்கு நாட்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் பெருவிழா அது. யப்பானியச் சித்திரக் கதைகள், காட்டூன் தொடர்கள், வீடியோ விளையாட்டுகள், இசை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

யப்பானுக்கும் பிரான்சுக்கும் இந்த உறவு எப்படி வந்தது? கோடை விடுமுறைத் தொலைக்காட்சியால்தான் வந்தது.

1978 யூலை 3ஆந் திகதி, அன்றைய அரச தொலைக்காட்சியான அந்தென் 2, 'றெக்றே ஆ 2' என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதில் 'கோல்டொறாக்' என்ற யப்பானியத் தொடர் வந்தது. அந்தக் கோடை முடிவதற்குள் நாடு முழுவதும் பிள்ளைகள் அதற்கு அடிமையாகிவிட்டார்கள். 1979 ஜனவரியில் 'பாரி மட்ச்' சஞ்சிகை கோல்டொறாக் பைத்தியத்தை அட்டைப்படமாகவே போட்டது.

கதை என்ன தெரியுமா? ஆக்தாறுஸ் என்ற இளவரசனின் கிரகத்தை எதிரிகள் அழித்துவிடுகிறார்கள். அவன் தப்பிப் பூமிக்கு வருகிறான். ஒரு பேராசிரியர் அவனைத் தன் மகனைப்போல ஏற்றுக்கொள்கிறார். தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஒரு பண்ணையில் வேலை செய்கிறான். பிரெஞ்சுப் பிள்ளைகள் முதன்முதலில் நெஞ்சில் ஏற்றுக்கொண்ட யப்பானிய நாயகன் ஓர் அகதி. என் வயதுடைய பிரெஞ்சு நண்பர் ஒருவர் மதிய இடைவேளையில் இந்தக் கதையைச் சொன்னபோது, கையில் எடுத்த சோற்றுக் கவளத்துடன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1996 கோடையில். லாச்சப்பல் மெற்றோவுக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் ஒரே ஓர் அறை. அத்தான் றெஸ்ரோறன்ற் வேலைக்குப் போய்விடுவார், அக்கா துப்பரவு வேலைக்குப் போய்விடுவா. விசா இல்லாத நான் வீட்டில் இருந்து அக்காவின் இரண்டு மகன்மாரைப் பார்த்துக்கொள்வேன். காலையிலேயே தொலைக்காட்சியில் 'கிளப் டொறத்தே' தொடங்கிவிடும். ஒருநாள் காட்டூனில் ஒரு பாத்திரம் "அத்தான்! அத்தான்!" என்று கத்தியது. நான் திடுக்கிட்டு, "ஏன்ரா, இதுகள் உங்கட அப்பாவையோ கூப்பிடுதுகள்?" என்று கேட்டேன். பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமா, அதுக்கு 'பொறு' எண்டு அர்த்தம்!" நான் கற்ற முதலாவது பிரெஞ்சு வினைச்சொல் அதுதான். யாழ்ப்பாணத்தில் வர்த்தகப் பட்டம் முடித்து வந்த எனக்கு, ஏழு வயதும் ஒன்பது வயதுமான இரண்டு ஆசிரியர்கள்.

சனிக்கிழமை இரவுகளில் அக்காவும் எங்களோடு இருப்பா. அப்போது பார்ப்பது 'போர் புவாயார்'. 1990 கோடையில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில், கடல் நடுவே இருக்கும் பழைய கோட்டையின் கிழவர் விடுகதை போடுவார். அக்காவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் பெடியன்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும், போட்டியாளருக்கு முன்னமே விடையைச் சொல்லிவிடுவா. ஊரில் அம்மம்மா போட்ட விடுகதைகளின் பயிற்சி!

இனிக் கணக்கு. பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஏன் யப்பானியத் தொடர்களால் நிரம்பியது? 1987இல் தே.எஃப்.1 தனியார் கைக்குப் போனது. அலைவரிசைகளுக்கிடையே போட்டி வந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி தொடங்கிய 'கிளப் டொறத்தே'க்கு வாரத்தில் இருபது மணித்தியாலங்களுக்கும் மேல் நிரப்ப வேண்டியிருந்தது. பிரான்சில் புதிதாக ஒரு காட்டூன் தொடர் தயாரிக்கப் பெருஞ்செலவு. யப்பானியத் தொடர்களோ நூற்றுக்கணக்கான பகுதிகளுடன் தயாராக இருந்தன. அவற்றின் தயாரிப்புச் செலவு யப்பானிலேயே மீட்கப்பட்டுவிட்டது. லாச்சப்பல் கடைக்காரர் ஒருவர் வாங்கிய கிரைண்டர் ஐந்து வருடத்தில் தன் விலையை உழைத்துத் தந்துவிட்டது என்று வையுங்கள். ஆறாவது வருடம் அரைக்கும் மாவை அவர் மலிவாகக் கொடுத்தாலும் இலாபந்தான். அதே கணக்குத்தான் இதுவும்.

மலிவாக வாங்கியதை மதிப்பாக நடத்தவில்லை. ஒசோறா சுபாசா என்ற உதைபந்தாட்டச் சிறுவன் இங்கே ஒலிவியே அத்தோன் ஆனான். சயெபா றியோ, நிக்கி லார்சன் ஆனான். எங்கள் நீண்ட பெயர்களை வேலைத்தலத்தில் வெட்டிக் குறுக்கிக் கூப்பிட்டார்களே, அதுபோல. காட்சிகளும் வெட்டப்பட்டன. வன்முறை கூடிவிட்டது என்று பெற்றோரும் அரசியல்வாதிகளும் கண்டித்தார்கள். செகொலென் றுவாயால் 1989இல் இதுபற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கண்டனத்தில் நியாயமும் இருந்தது. வளர்ந்தவர்களுக்காக எடுத்த சில தொடர்களை, காட்டூன் என்றாலே சிறுவருக்குத்தான் என்று நினைத்துக் காலை வேளையில் போட்டார்கள்.

1997 ஓகஸ்ட் 30ஆந் திகதி 'கிளப் டொறத்தே' நின்றது. ஆனால் பார்த்து வளர்ந்த தலைமுறை நிற்கவில்லை. அவர்கள் புத்தகத்துக்குப் போனார்கள். 'டிராகன் போல்' சித்திரக் கதை 1993 முதலே பிரெஞ்சில் வந்துகொண்டிருந்தது. இன்று யப்பானுக்கு வெளியே மங்கா புத்தகங்கள் மிக அதிகமாக விற்கும் நாடுகளில் பிரான்சும் ஒன்று. 2021இல் பதினெட்டு வயதினருக்கு அரசாங்கம் 300 யூரோ 'பஸ் குல்த்யூர்' கொடுத்தபோது, பலர் அதில் மங்கா வாங்கியதால் பத்திரிகைகள் அதை 'பஸ் மங்கா' என்று பகிடி பண்ணின. (2025 மார்ச் முதல் அந்தத் தொகை பதினெட்டு வயதில் 150 யூரோவாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.)

அந்தத் தலைமுறையினர் சிலர்தான் 1999இல், பாரிசில் ஒரு வர்த்தகக் கல்லூரியில் முதலாவது யப்பான் எக்ஸ்போவை நடத்தினார்கள். வர்த்தகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை. கூட்டம் பெருகிப் பெருகி, 2006 முதல் வில்பந்துக்கு மாறியது. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் நடைபெறவில்லை. 2022இல் மீண்டும் தொடங்கியது.

இனி நான் சொல்ல வெட்கப்படும் ஒன்று. 2014இல் என் மூத்த மகளுக்குப் பதினைந்து வயது. 'நறுட்டோ' தொடரில் உயிராக இருந்தவள். தன் கைச்செலவுக் காசை ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்து, "அப்பா, ஒரு நாள் மட்டும் போகட்டோ?" என்று கேட்டாள். "நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தது வேசம் போட்டுத் திரியவோ? கணக்கு ரியூசனுக்குப் போ" என்றேன். அவள் போனாள். கணக்கில் நல்ல புள்ளியும் எடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு தனக்குப் பிடித்த எதையும் என்னிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அவள் அறைக் கதவு பல வருடம் சாத்தியே இருந்தது. எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாத நட்டம் அது.

இந்த வருடம் அவள் தன் சம்பளத்தில் மூன்று ரிக்கெற் வாங்கி வந்தாள். தனக்கொன்று, தங்கைக்கொன்று. மூன்றாவதை என் மேசையில் வைத்து, "அப்பா, இந்த முறை நீங்களும் வாங்கோ" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் போகிறேன்.

முதன்முறை பிள்ளைகளை அனுப்பும், அல்லது கூட்டிப்போகும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

கார் து நோரிலிருந்து ஆர்.ஈ.ஆர். பி எடுத்து, 'பார்க் தெ எக்ஸ்போசிசியோன்' நிலையத்தில் இறங்க வேண்டும். விமான நிலையப் பக்கம் போகும் ரெயினில் ஏறுங்கள். மித்ரி பக்கம் போவது ஓல்னேயில் பிரிந்துவிடும். கோடையில் பாதை திருத்த வேலைகள் நடப்பதால், முதல் நாளே நேர அட்டவணையைப் பாருங்கள்.

நுழைவு ரிக்கெற்றை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். உண்மையான செலவு ரிக்கெற்றில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஒரு கடித உறையில் இவ்வளவுதான் என்று காசு வைத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எதை வாங்குவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். வரவுசெலவுத் திட்டம் படிக்க இதைவிட நல்ல வகுப்பு இல்லை.

வேடமிடுவதைக் 'கொஸ்பிளே' என்பார்கள். வாள், கத்தி எல்லாம் அட்டையாலோ பஞ்சாலோ செய்ததாக இருக்க வேண்டும். வாசலில் சோதிப்பார்கள். ஒருவரைப் படம் எடுக்க முன் அவரிடம் கேட்பது அங்கே மரியாதை. தண்ணீர்ப் போத்தல், சாப்பாடு, நல்ல சப்பாத்து, தொலைந்தால் சந்திக்க ஒரு குறித்த இடம், இவை நாலும் அவசியம்.

எல்லாத் தொடர்களும் எல்லா வயதுக்கும் ஏற்றவை அல்ல. தடை போடுமுன் ஒரு பகுதியைக் கூட இருந்து பாருங்கள்.

அப்படித்தான் நானும் பார்த்தேன். என் சின்னவள் இந்த வருடம் 'டீமன் சிலேயர்' தொடரில் வரும் நெசுக்கோவாக வேடமிடுகிறாள். குடும்பத்தை இழந்த ஓர் அண்ணன், தங்கையை ஒரு பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகும் கதை அது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டியவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. நான் அன்று அம்மம்மாவைச் சுமந்துகொண்டு நடந்ததை என் பிள்ளைகளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. தொடரைப் பார்த்து முடித்த அன்று இரவு சொன்னேன். மூத்தவள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி இப்போது தன் பழைய றோஸ் நிறச் சேலையை வெட்டிச் சின்னவளுக்கு உடுப்புத் தைக்கிறா. தையல் மெசின் சத்தம் கேட்கிறது. எனக்கு என்ன வேடம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கண்ணாடியும் கணக்குப் புத்தகமுமாக இப்படியே வருகிறேன், யாரென்று கேட்டால் ஆக்தாறுசின் பேராசிரியர் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஓகஸ்ட் முடிவில் லாச்சப்பல் வீதிகளில் பிள்ளையார் தேர் வரும்போது, காவடியைப் பார்த்துப் பிரெஞ்சுச் சனம் "இதென்ன?" என்று கேட்கும். நாங்கள் பொறுமையாக விளக்குவோம். அதே கேள்வியை இந்த யூலையில் எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்போம். அவர்களும் விளக்குவார்கள்.

அடுத்த மாதம் பார்த்து வந்ததைச் சொல்கிறேன்.