மூல ஓலை யாரிடம்?

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட பகுதியைப் பக்திக்காக வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். எனக்கு அது ஒரு வேலை ஒப்பந்த வழக்கு. கல்யாணப் பந்தலில் வந்து நின்ற கிழவர், உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது நகல். மூல ஓலை கிழவரிடம் இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது, சுந்தரர் தோற்கிறார்.

இது நினைவுக்கு வரக் காரணம், ஜவுளிக்கடைப் பெண்களிடையே வேலை செய்யும் தோழி ஒருவர். "நீங்க தமிழ் எம்.ஏ.தானே, எங்க புள்ளைங்களுக்குப் புரியற மாதிரி ஒரு வேலை ஒப்பந்தப் படிவம் எழுதிக் குடுங்க" என்றார். மாதிரிக்கு என்று நாலைந்து படிவங்களும் தந்தார். இலக்கணம் படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது எழுவாய். "பணியாளர் செய்ய வேண்டும்", "பணியாளர் கோரக் கூடாது" - கடமை என்றால் எழுவாய் தொழிலாளி. சம்பளம் என்று வந்ததும் "வழங்கப்படும்": செயப்பாட்டு வினை, வழங்குகிறவர் காணாமல் போய்விடுகிறார். முதலாளி எழுவாயாகத் தலைகாட்டும் ஒரே இடம் "நிர்வாகம் கருதினால்". இந்தப் பிரதிக்குள் கருதும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உண்டு.

இதற்கு ஒரு பூர்வீகமும் இருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம். கூலி தராத முதலாளிக்கு அதில் சிறை இல்லை. 1925இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் போனது, வாக்கிய அமைப்பு தங்கிவிட்டது.

சரி, படிவத்தில் என்ன இருக்க வேண்டும்? முதலில் இரு தரப்பின் பெயர். சிரிக்க வேண்டாம். கடை வாசலில் ஒரு பெயர், சம்பளம் போடும் கணக்கில் இன்னொரு பெயர், நடுவில் ஒரு காண்டிராக்டர் என்றால், வழக்கு வரும்போது "இவங்க எங்க ஆளே இல்ல" என்று சொல்ல அந்த இடைவெளி போதும். அடுத்து, வேலைக்குச் சேர்ந்த தேதி. நிரந்தரத் தொழிலாளிக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் வேலை இருந்தால்தான் பணிக்கொடை. தேதியில்லாத கடிதம் எத்தனை வருடத்தையும் விழுங்கிவிடும்.

சம்பளத்தை ஒரே தொகையாக எழுத விடக்கூடாது. அடிப்படை, பஞ்சப்படி, மற்ற படிகள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம், கைக்கு வருவது எல்லாம் தனித்தனியே வேண்டும். அடிப்படையைச் சுருக்கிப் படிகளை ஊதவைப்பது பி.எஃப். பங்கைக் குறைக்கும் பழைய வித்தை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, இப்படி ஒதுக்கிவைக்கும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதை ஊதியத்தோடு சேர்க்கச் சொல்கிறது. (நியமனக் கடிதம் தந்தாக வேண்டும் என்பதும் அன்றே நடைமுறைக்கு வந்த இன்னொரு தொகுப்பில் இருக்கிறது.)

வேலைநேரம், வார விடுமுறை, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி இவற்றோடு ஸ்டூலையும் சேர்த்தேன். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவதை 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. "கடைக்காரர் இருக்கை தருவார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பணியாளர் உட்காருவார்." தோழி இரண்டு முறை வாசித்துவிட்டு, "இத எழுத்துல பாத்ததே இல்ல" என்றார்.

வேலைநீக்கம்தான் சிக்கல். மூன்று மாத அறிவிப்போ சம்பளமோ கொடுத்து, காரணம் சொல்லாமலே நிரந்தர ஊழியரை அனுப்பலாம் என்றிருந்த மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகத்தின் விதியை, 1986இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. பேரம்பேசும் பலம் சமமில்லாத இடத்தில் கையெழுத்தை மட்டும் வைத்துச் சம்மதத்தை முடிவுசெய்ய முடியாது என்பது அதன் சாரம். ஆனால் அது அரசுக் கழகம். ஜவுளிக்கடைவரை அப்படியே நீளும் என்று நம்பிவிட முடியாது. எனவே எழுத்தில் காரணம், பதில் சொல்ல அவகாசம், இரு தரப்புக்கும் ஒரே அளவு அறிவிப்புக் காலம் ஆகியவற்றைப் படிவத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். "பாண்டெல்லாம் செல்லாதுங்க" என்று நம் தோழர்கள் மேடையில் அடித்துச் சொல்வதும் ஆபத்து. மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் செல்லும் என்றிருக்கிறது.

ஒரு வரியை என் சொந்தக் கடனாக எழுதினேன்: "கடைக்காரர் பணியாளரின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைக்க மாட்டார்." என் எம்.ஏ. சான்றிதழ் பதினான்கு மாதம் ஒரு தனியார் கல்லூரியின் பீரோவில் கிடந்தது. ஜெராக்ஸோடு வேறிடத்து நேர்காணலுக்குப் போனேன். "ஒரிஜினல் எங்க?" என்றார்கள்.

அதனால் படிவத்தின் கடைசி வரி இப்படி: இது இரண்டு அசல்களாகத் தயாரிக்கப்படவில்லை, "இருவரும் இரண்டு அசல்களில் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறோம்." ஒரு கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டாராம், ஸ்டூல் உட்பட. இரண்டாவது அசலில் மட்டும் பேச்சு நிற்கிறது.