ஹராத்: பெயர் இல்லாதவர்களின் தேசம்

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் கற்பனையில் கட்டிய 'மிடில் எர்த்' உலகின் வரைபடம், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் பாகத்தோடு 1954-ல் வெளிவந்தது. ஹாபிட்டுகள் வாழும் ஷையருக்குத் தனி வரைபடமே உண்டு. அதில் சிற்றூர்களுக்குக்கூடப் பெயர் இருக்கும். பெரிய வரைபடத்தின் தென்கோடியில் இருக்கிற ஹராத்தைப் பாருங்கள். உம்பர் துறைமுகத்தைத் தாண்டினால் ஓர் ஊர்ப்பெயரும் இல்லை. அங்கிருந்து புறப்படும் வீரர்கள் மூமாக்கில் என்ற ராட்சத யானைகளோடும், சிவப்புத் துணியில் கருநாகம் பொறித்த கொடியோடும் வருகிறார்கள். இருளரசன் சௌரோனுக்காகச் சண்டையிட்டுச் சாகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நாவல் பெயர் தரவில்லை. 'வில்லன் கோஷ்டி' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவதுதான் வாசகர் வழக்கம். ஆனால் டோல்கீன் எழுதி வைத்ததையே கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஹராத்தின் பகையை விதைத்தவன் சௌரோன் அல்ல. அவன் அறுவடை செய்தவன் மட்டுமே.

விதைத்தவர்கள் நூமெனோர் தீவின் மக்கள்; கதாநாயகன் அரகோர்னின் முன்னோர்கள். முதலில் அவர்கள் மிடில் எர்த் கரைக்கு நண்பர்களாகத்தான் வந்தார்கள். பயிர்த்தொழிலும் கைவினையும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் யுகத்தின் 1800-ஆம் ஆண்டு வாக்கில் போக்கு மாறியது. கடலோரத்தைப் பிடித்துக் கப்பம் கேட்கத் தொடங்கினார்கள். 2280-ல் உம்பர் அவர்களுடைய பெருங்கோட்டையானது. டோல்கீன் மறைவுக்குப் பின் 1977-ல் வந்த 'தி சில்மரில்லியன்' இதை மறைக்காமல் சொல்கிறது: கடைசிக் காலத்தில் கரையோர மனிதர்களைப் பிடித்து அடிமையாக்கினார்கள், பலிபீடத்தில் வெட்டினார்கள். 'அதெல்லாம் சௌரோன் நூமெனோருக்குள் புகுந்து செய்த வேலை' என்று ஒரு சமாதானம் சொல்லலாம். நரபலிக்கு அது பொருந்தும். கப்பத்துக்குப் பொருந்தாது, சௌரோன் கைதியாக அந்தத் தீவுக்குப் போனது 3262-ல்தான். அதற்குள் சுரண்டலுக்கு ஏறத்தாழ 1,460 வயது ஆகியிருந்தது.

மூன்றாம் யுகத்தில் ஆள் மாறியது, வேலை மாறவில்லை. நூமெனோர் வாரிசுகள் ஆண்ட கோண்டோர், 933-ல் உம்பரைப் பிடித்தது. விரட்டப்பட்ட உம்பர் பிரபுக்கள் ஹராத் மக்களைத் திரட்டிக்கொண்டு வந்து மோதினார்கள். 1015-ல் கோண்டோர் மன்னன் கிர்யாண்டில் போரில் மடிந்தான். அவன் மகன் காத்திருந்து 1050-ல் ஹராத்தை முற்றாக முறியடித்து, 'தெற்கை வென்றவன்' என்ற பொருளில் ஹ்யார்மெண்டாசில் என்று பட்டம் சூடிக்கொண்டான். நம் 'கடாரம் கொண்டான்' நினைவுக்கு வருவது இயல்பு. ஹராத் அரசர்களின் பிள்ளைகள் பிணையாளிகளாகக் கோண்டோர் அரண்மனையில் வாழ வேண்டியிருந்தது. இதை நாவலின் பின்னிணைப்பு பெருமிதத் தொனியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. தோற்றுப்போன சௌரோன் வெளியே தலைகாட்டாத நூற்றாண்டுகள் இவை. பிள்ளைகளைக் கொடுத்த அந்த வீடுகளில் கோண்டோரைப் பற்றி என்ன கதை சொல்லி வளர்த்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். இதில் இன்னொரு கசப்பும் உண்டு: பிற்காலத்தில் ஹராத் படைகள் சௌரோனின் நாடான மொர்டோருக்கு அணிவகுத்த சாலையைப் போட்டதே கோண்டோர்தான். அந்நாட்டு வீரன் ஒருவன் வாயாலேயே டோல்கீன் இதைச் சொல்ல வைக்கிறார்.

கற்பனை நாட்டுக்கு இவ்வளவு வழக்கு எதற்கு, எழுதாதது இல்லாததுதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டோல்கீன் தன் நாவலைத் தான் புனைந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஹாபிட்டுகள் எழுதிய 'சிவப்புப் புத்தகம்' என்ற பழஞ்சுவடியின் வழிவந்தது என்கிறார். முழுமையான படி ஒன்று கோண்டோர் தலைநகரில், அரசனின் எழுத்தரால் எழுதப்பட்டது என்றும் முன்னுரையில் சொல்கிறார். அதாவது இது வென்றவர் கைபட்ட ஆவணம் என்பது கதையின் அமைப்பிலேயே இருக்கிறது. மறுபக்கத்தை அவர் யோசிக்காமலும் இல்லை. நூமெனோர் கப்பல்கள் வருவதைப் பார்த்துக் கிலி பிடிக்கும் கரையோரச் சிற்றூரின் கண் வழியாக 'டால்-எல்மர்' என்றொரு கதையைத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். அது 1996-ல்தான் அச்சேறியது.

டோல்கீன் நிறவெறியர், கரிய தோல்காரர்களை எதிரியாக்கியதே அதற்குச் சான்று என்போர் உண்டு. தூர ஹராத்திலிருந்து வருபவர்களைப் பூதங்களோடு ஒப்பிடும் வர்ணனை நாவலில் இருக்கிறது; அதற்கு வக்காலத்து வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. அதே நாவலில்தான் இத்திலியன் காட்டுச் சண்டையும் வருகிறது. ஹாபிட் சாமின் காலடியில் ஒரு ஹராத் வீரன் குப்புற விழுகிறான். கழுத்தில் பொன் வளையம். அதற்குக் கீழே பச்சை இறகு அம்புகள் தைத்திருக்கின்றன. பொன் இழை சேர்த்துப் பின்னிய கருங்கூந்தல் ரத்தத்தில் ஊறிக்கிடக்கிறது. பழுப்புக் கை உடைந்த வாளின் பிடியை இன்னும் விடவில்லை. இவன் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே கெட்டவனா, பொய்யும் மிரட்டலும் இழுத்து வந்தனவா, வீட்டிலேயே இருந்திருக்க ஆசைப்பட்டானோ என்றெல்லாம் சாமின் மனம் ஓடுகிறது. அதற்குள் ராட்சத யானை வந்து காட்சியைத் தட்டிப் பறித்துவிடுகிறது. நிறவெறி மட்டுமே எழுதியிருந்தால் இந்தக் கேள்விகள் வந்திருக்காது. ஆனால் கேள்வியை எழுப்பியவர் ஆயிரம் பக்கத்துக்கு மேல் இடமிருந்தும் ஒரு ஹராத்காரருக்குக்கூடப் பதில் பேச வாய் தரவில்லை. டோல்கீன் மீதான என் குற்றச்சாட்டு இதுதான், பெரிய குற்றச்சாட்டுத்தான்.

போர் முடிந்ததும் அரசனான அரகோர்ன் ஹராத் மக்களோடு சமாதானம் செய்துகொண்டான். நாவலில் அது போகிறபோக்கில் வரும் செய்தி. எதிர்த்தரப்பில் பேசியவர் யார், அவர் என்ன கேட்டார் என்பது கிடையாது. பிற்பாடு தெற்கே மீண்டும் கோண்டோர் படைகளும் அதன் நட்பு நாடான ரோஹனின் படைகளும் போனதாகப் பின்னிணைப்பு சொல்கிறது. நாவலை மறுபடி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் பின்னிணைப்பில் கோண்டோர் மன்னர் வரலாற்றைப் படித்துவிட்டு, பிறகு ஹராத் வீரர்கள் மடியும் பெலெனோர் போர்க்களத்துக்குப் போங்கள்.