பெஸ்பின் வாட்போர்

பெஸ்பின் வாட்போர் என்பது ஸ்டார் வார்ஸ் விண்வெளிக் கற்பனைத் தொடரில் லூக் ஸ்கைவாக்கருக்கும் டார்த் வேடருக்கும் இடையே நிகழும் முதல் ஒளிவாள் சண்டை ஆகும். இது 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்னும் திரைப்படத்தின் இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது. இர்வின் கெர்ஷ்னர் இயக்கிய இப்படம் 1980 மே 21 அன்று அமெரிக்காவில் வெளியானது. கதையை ஜார்ஜ் லூக்கஸ் எழுதினார். திரைக்கதையை லீ பிராக்கெட்டும் லாரன்ஸ் காஸ்டனும் எழுதினர். கதைத்தலைவன் வாளையும் கையையும் இழந்து தோற்கும் சண்டை இது. ஆனாலும் வென்றவர் விரும்பியது அவருக்குக் கிடைப்பதில்லை. இதனாலேயே இக்காட்சி தொடரின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

பின்னணி

பாலைவனக் கோளான டாட்டூயினில் மாமா, அத்தையின் பராமரிப்பில் வளர்ந்தவன் லூக். அவனுடைய தந்தை ஜெடாய் வீரர் என்றும், டார்த் வேடர் அவரைக் கொன்றுவிட்டான் என்றும் முதிய ஜெடாயான ஓபி-வான் கெனோபி அவனிடம் கூறுகிறார். தந்தையின் ஒளிவாளையும் அவனிடம் ஒப்படைக்கிறார். 1977 இல் வெளிவந்த முதல் படத்தில், லூக்கின் கண்ணெதிரே ஓபி-வானையும் வேடர் வெட்டி வீழ்த்துகிறார். ஆகவே, பழிவாங்க லூக்குக்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

பின்னர் டாகோபா என்னும் சதுப்புநிலக் கோளில் யோடா என்ற ஆசானிடம் லூக் பயிற்சி பெறுகிறான். அங்குள்ள ஒரு குகையில் வேடரின் உருவம் அவன்முன் தோன்றுகிறது. லூக் அதன் தலையைத் துண்டிக்கிறான். உடைந்த முகமூடிக்குள் தெரிவதோ அவனுடைய முகமே. பின்னால் நிகழப்போவதற்கு இது முன்னறிவிப்பு.

மேகங்களிடையே மிதக்கும் பெஸ்பின் நகரில் நண்பர்கள் துன்புறுவதை லூக் உள்ளுணர்வால் அறிகிறான். பயிற்சி முடியும்முன் போக வேண்டாம் என்று யோடாவும், ஆவி வடிவில் தோன்றும் ஓபி-வானும் தடுக்கின்றனர். அவன் கேட்கவில்லை. அவனை வரவழைக்க வேடர் விரித்த வலையே அது. லூக்கை உயிரோடு கார்பனில் உறையவைத்துப் பேரரசரிடம் கொண்டுசெல்வது வேடரின் திட்டம். அந்த இயந்திரம் ஆளைக் கொல்லாது என்பதை உறுதிசெய்ய, லூக்கின் நண்பன் ஹான் சோலோவை முதலில் அதில் உறையவைத்துச் சோதிக்கிறார்.

சண்டையின் போக்கு

சண்டை மூன்று இடங்களில் நடக்கிறது. முதல் இடம் உறையவைக்கும் அறை. லூக்கின் வாள் நீல நிறம். வேடரின் வாள் சிவப்பு. தொடக்கத்தில் வேடர் பெரும்பாலும் ஒற்றைக் கையாலேயே வாளைச் சுழற்றுகிறார். மாணவனைச் சோதிக்கும் ஆசிரியரின் நிதானம் அவரிடம் காணப்படுகிறது. உறையவைக்கும் குழிக்குள் விழும் லூக், மின்னல் வேகத்தில் மேலே தாவித் தப்புகிறான்.

இரண்டாவது இடத்தில் வேடர் வாளை விட மனவலிமையையே மிகுதியும் பயன்படுத்துகிறார். சுவரில் உள்ள இயந்திரப் பாகங்கள் பெயர்ந்து லூக்கின் மீது பாய்கின்றன. அவற்றில் ஒன்று பட்டுப் பெரிய சாளரம் உடைய, காற்று லூக்கை வெளியே இழுத்துச் செல்கிறது.

மூன்றாவது இடம் ஆழமான தண்டின் மீது நீண்டிருக்கும் குறுகிய பாலம். இங்கு லூக் வேடரின் தோளில் ஒரு காயம் ஏற்படுத்துகிறான். உடனே வேடர் லூக்கின் வலக்கையை மணிக்கட்டோடு துண்டிக்கிறார். கையோடு தந்தையின் வாளும் ஆழத்தில் விழுகிறது. பின்வாங்க இடமில்லாத அந்த நிலையில்தான், லூக்கின் தந்தை தானே என்ற உண்மையை வேடர் வெளியிடுகிறார். பேரரசரை வீழ்த்தி, தந்தையும் மகனுமாக விண்மீன் மண்டலத்தை ஆளலாம் என்றும் அழைக்கிறார்.

லூக் அந்த அழைப்பை ஏற்கவில்லை. கைப்பிடியை விட்டு ஆழத்தில் விழுகிறான். நகரின் அடிப்புறத்தில் நீண்டிருக்கும் கம்பியில் தொங்கும் அவனை, அவனது மனக்குரலை உணர்ந்த லேயா, மில்லேனியம் பால்கன் விண்கலத்தில் திரும்பி வந்து மீட்கிறாள்.

படமாக்கம்

இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் இப்படத்தின் அரங்கக் காட்சிகள் எடுக்கப்பட்டன. லூக்காக மார்க் ஹாமில் நடித்தார். வேடர் பாத்திரத்திற்கு உடலை டேவிட் பிரவுஸும் குரலை ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் அளித்தனர். வேடரின் வாள்வீச்சை நிகழ்த்தியவர் மூன்றாவது ஒருவர்: 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்காக வாள்சண்டையில் பங்கேற்ற பாப் ஆண்டர்சன். முகமூடி அணிந்த பாத்திரம் என்பதால் இந்த மாற்றம் பார்வையாளருக்குத் தெரியவில்லை. பின்னாளில் ஹாமில் வெளிப்படையாகக் கூறிய பிறகே ஆண்டர்சனின் பங்கு பரவலாக அறியப்பட்டது.

வாளின் ஒளி படப்பிடிப்புக்குப் பின் சேர்க்கப்பட்டது. ஒரு நொடிப் படத்தில் 24 சட்டகங்கள் உண்டு. வாள் தெரியும் ஒவ்வொரு சட்டகத்திலும் அதன் வடிவைத் தனித்தனியே வரைந்து ஒளியூட்டினர். வாளின் ரீங்காரத்தை முதல் படத்திற்காகவே பென் பர்ட் உருவாக்கியிருந்தார். பழைய திரைப்படக் கருவியின் மோட்டார் ஒலியும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிவாங்கியில் பதிவான இரைச்சலும் அதற்கு அடிப்படை. அந்த ஒலியை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அதன் முன் ஒலிவாங்கியை வீசி அசைத்தபோது வாள் சுழலும் ஓசை கிடைத்தது. ஒலி மூலமும் கேட்கும் கருவியும் ஒன்றையொன்று நெருங்கும்போதும் விலகும்போதும் சுருதி மாறும் டாப்ளர் விளைவே இதற்குக் காரணம்.

காக்கப்பட்ட இரகசியம்

தந்தை பற்றிய உண்மை படக்குழுவிலும் மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. படப்பிடிப்பில் பிரவுஸ் பேசியது, ஓபி-வானே லூக்கின் தந்தையைக் கொன்றார் என்ற பொருளுடைய வேறு வசனம். உண்மையான வசனம் குரல் பதிவின்போது சேர்க்கப்பட்டது. காட்சியைப் படமாக்குவதற்குச் சற்று முன்னர்தான் கெர்ஷ்னர் அதை ஹாமிலிடம் கூறினார். அதற்கேற்ப அவர் முகபாவம் காட்ட வேண்டியிருந்தது. அந்த வசனத்தைப் பேசிய ஜோன்ஸ்கூட, வேடர் பொய் சொல்வதாகவே முதலில் எண்ணினார்.

முக்கியத்துவம்

இச்சண்டைக்கு முன் லூக்கின் மனத்தில் நன்மையும் தீமையும் தெளிவாகப் பிரிந்திருந்தன. கொன்றவன் ஒருவன், கொல்லப்பட்டவர் வேறொருவர். இருவரும் ஒருவரே என்று அறிந்தபின் பழிவாங்கும் எண்ணத்திற்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. தந்தையின் வாளைக் கொண்டே தந்தையோடு போரிட்டிருக்கிறான் என்பதும் அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

இதன் பயன் 1983 இல் வெளியான 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' படத்தில் தெரிகிறது. அங்கு நடக்கும் இரண்டாவது சண்டையில் சினம் மேலிட்ட லூக், வேடரின் கையைத் துண்டிக்கிறான். வெட்டுண்ட இடத்தில் தெரிவது இயந்திரக் கம்பிகள். பெஸ்பினில் இழந்த கைக்குப் பதிலாகத் தனக்குப் பொருத்தப்பட்ட இயந்திரக் கையை லூக் பார்க்கிறான். குகையில் கண்ட முகத்தின் பொருள் அவனுக்கு அப்போது விளங்குகிறது. வெல்லும் நிலையில் இருந்தும் அவன் வாளை வீசியெறிகிறான். அந்தச் செயலே வேடரை மகனின் பக்கம் திருப்புகிறது.