பஸ் வீட்டுக்கு ஒரு காவல்காரர்!

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாய் பிளந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வீட்டை விட உயரமான இரும்பு இயந்திரம் ஒன்று மெல்ல ஊர்ந்து போகும். அதன் முன்னால் ஒரு ராட்சதச் சக்கரம் சுற்றும். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள் இருக்கும். ஒரு வாளியில் 1,400 லிட்டர் கொள்ளும் இயந்திரங்களும் இங்கே வேலை செய்கின்றன. மாடியில் வைக்கிற பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதைப் போல ஒன்றரை மடங்கு மண்ணை ஒரே வாளியில் அள்ளிவிடும்!

இந்த இயந்திரம் எதில் ஓடுகிறது தெரியுமா? "டீசலில்" என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை, மின்சாரத்தில் ஓடுகிறது! அது நகரும் இடத்துக்கெல்லாம் தடித்த கேபிள் ஒன்று வால் போலக் கூடவே போகும். அந்த மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கவும், ஆபத்து வந்தால் நிறுத்தவும் இயந்திரத்தின் மேலேயே மின் அறை இருக்கும்.

நிற்கிற வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது ஒரு வேலை. நகர்கிற ஒன்றுக்குக் கொடுப்பது வேறு வேலை. சுரங்க இயந்திரத்துக்குச் சொன்னது ஒரு சின்ன பஸ் வீட்டுக்கும் பொருந்தும். பஸ் வீடா? அது என்ன என்கிறீர்களா? வாருங்கள், பார்க்கலாம்.

சக்கரம் வைத்த வீடுகள்

அமெரிக்காவில் வயதாகிப் போன பள்ளி பஸ்களைச் சிலர் விலைக்கு வாங்குகிறார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து வீடாக்கிக் குடியிருக்கிறார்கள். இந்த வீட்டுக்கு 'ஸ்கூலி' என்று செல்லப் பெயர்.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஒரு ஆட்டோவின் மேல் குட்டி வீட்டையே அமைத்தார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. மின்சாரத்துக்கு 600 வாட் சோலார் தகடு வைத்தார். 2021ல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பாராட்டியதும் நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

சரி, ஒரு பழைய பள்ளி பஸ்ஸை வீடாக்குவதாக வைத்துக்கொள்வோம். (நம் நாட்டில் வண்டியின் அமைப்பை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதையும் வாங்கியாயிற்று!) கட்டில் வந்துவிட்டது. ஜன்னலுக்குத் திரை வந்துவிட்டது. அடுத்து சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்ட வேண்டும். வயர்மேன்கள் அதை 'டி.பி. பெட்டி' என்பார்கள். உங்கள் வீட்டு வாசலருகிலும் வரிசையாக சுவிட்சுகள் உள்ள பெட்டி இருக்குமே, அதுதான். மின்சாரம் உள்ளே வரும் வழி அது. அதைவிட முக்கியமாக, ஆபத்து வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் காவல்காரர் அது.

முதல் காவல்: எம்.சி.பி.

பெட்டியில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன சுவிட்சுகள்தான் எம்.சி.பி. வயரில் மின்சாரம் ஓடும்போது வயர் சூடாகும். ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால், சூடு நான்கு மடங்காகும்! அளவு மீறினால் வயரின் மேலுறை உருகித் தீப்பிடிக்கும். பஸ்ஸுக்குள் பலகை, துணி, பஞ்சு மெத்தை என்று எல்லாமே நெருக்கமாக இருக்கும். ஓடி வெளியேறக் கதவோ ஒன்றிரண்டுதான். யோசித்துப் பாருங்கள்.

எம்.சி.பி.க்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் அது சூடாகி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இரண்டு வயர்கள் நேராக உரசிவிட்டால், உள்ளே இருக்கும் மின்காந்தம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸ் என்பவரின் நிறுவனம் 1924ல் இதற்குக் காப்புரிமை பெற்றது.

விளக்கு, மின்விசிறி வயருக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போதும். அடுப்பு செருகும் தடித்த வயருக்கு 16 ஆம்பியர் வைக்கலாம். "அடிக்கடி விழுகிறதே" என்று மெல்லிய வயருக்குப் பெரிய எம்.சி.பி. மாட்டினால் என்ன ஆகும்? சுவிட்ச் விழாது, வயர்தான் எரியும்!

இரண்டாம் காவல்: ஆர்.சி.சி.பி.

சுற்றுலா போகும்போது ஆசிரியர் என்ன செய்வார்? பஸ்ஸில் ஏறியவர்கள் 40 பேர் என்றால், திரும்பும்போதும் எண்ணிப் பார்ப்பார். 39 பேர்தான் என்றால் பஸ் நகருமா? நகராது!

ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிற மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்குக் குறைந்தால், அந்த மின்சாரம் வேறு வழியில் கசிகிறது என்று பொருள். அந்த வேறு வழி ஒரு குழந்தையின் உடம்பாகவும் இருக்கலாம். உடனே இணைப்பைத் துண்டித்துவிடும்.

எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு? வீட்டில் வைக்கும் ஆர்.சி.சி.பி., 0.03 ஆம்பியர் குறைந்தாலே கண்டுபிடிக்கும். மனித உயிருக்கு அதற்குச் சற்று மேலே போனாலே ஆபத்து. அந்த அளவு 6 ஆம்பியரில் இருநூறில் ஒரு பங்குதான்! எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. எம்.சி.பி. வயரைக் காக்கும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும்.

மண்ணில் கால் ஊன்றாத வீடு

நம் வீடுகளில் குழி தோண்டி, குழாய் புதைத்து, கரியும் உப்பும் இட்டு 'எர்த்' கொடுக்கிறார்கள். பஸ் நிற்பதோ ரப்பர் டயர் மேல். எங்கே குழி தோண்டுவது?

பஸ்ஸின் உடல் முழுக்க இரும்பு. உள்ளே ஒரு வயர் உரசி இரும்பைத் தொட்டுவிட்டால் மொத்த பஸ்ஸுக்கும் மின்சாரம் பாய்ந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காலோடு தரையில் நின்று, ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடிப்பவருக்குத்தான் ஷாக் அடிக்கும்!

ஆகவே பஸ்ஸின் உடலைப் பச்சை வயரோடு கட்டாயம் இணைக்க வேண்டும். பஸ்ஸை ஓர் இடத்தில் நிறுத்தி வெளி மின்சாரம் எடுக்கும்போது, மூன்று முனை பிளக்கின் பெரிய முனை வழியாக அந்த இடத்தின் எர்த் கிடைக்கும். அந்த முனையை உடைத்துவிட்டுச் செருகினால் எர்த்தும் போய்விடும். பேட்டரியில் ஓடும்போது இந்த இணைப்பு வேறு மாதிரி அமைய வேண்டும். இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாமல் போகலாம். ஆகவே அது அரசுச் சான்று பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை.

ஒரே நேரத்தில் ஒன்றுதான்!

பஸ் வீட்டுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வரும். நிறுத்தியிருக்கும்போது வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் ஒன்று. சாலையில் இருக்கும்போது சோலார் தகடு நிரப்பிய பேட்டரி மற்றொன்று. பேட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டர் 230 வோல்ட்டாக மாற்றித் தரும்.

இங்கே ஒரு கணக்கு. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் கூட வேண்டாம். அதே 2,000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால்? 2,000ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 167 ஆம்பியர்! அதனால்தான் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே விரல் தடிமனில் கேபிள் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ப்யூஸ் வைக்கிறார்கள்.

இந்த இரண்டு மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. அதற்கென்றே பெட்டியில் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் உண்டு. ஒன்று இந்தப் பக்கம், அல்லது அந்தப் பக்கம், இரண்டும் சேராது. சேர்ந்தால் என்ன?

தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு அனுப்புகிறது. மின்தடை நேரத்தில் நம் மின்சாரம் பின்னோக்கிப் போனால், அதே டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்தி 11,000 வோல்ட் கம்பியில் ஏற்றிவிடும். "லைன் அணைந்திருக்கிறது" என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி? அவரும் ஒரு குழந்தையின் அப்பாதானே! ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் இந்த விதி உண்டு.

குலுங்கும் சுவர்

பஸ் ஓடும்போது சுவரும் குலுங்கும். ஒற்றைக் கம்பி வயர் நாளடைவில் முறிந்துவிடும். ஆகவே பல மெல்லிய இழைகள் கொண்ட வயர் போடுகிறார்கள். இரும்புத் துளை வழியே வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்கிறார்கள். திருகாணி தளர்ந்தால் அந்த இடம் சூடாகும் என்பதால், அவ்வப்போது மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு முறுக்கிப் பார்க்கிறார்கள். பெட்டியை மழைச்சாரல் படாத, அடுப்பு ஆவி எட்டாத, இருட்டிலும் கைக்கு அகப்படும் இடத்தில் மாட்டுகிறார்கள்.

1962ல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த நிலையம் 2020ல் ஓய்வு பெற்றுவிட்டது; இப்போது புதிய நிலையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கேயும் தவறு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கப் பெரிய பெரிய பிரேக்கர்கள் காவல் நிற்கின்றன. உருவம்தான் வேறு, வேலை ஒன்றே!

இன்று மாலை உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அப்பா அல்லது அம்மாவோடு உங்கள் வீட்டு டி.பி. பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.யிலும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும்; நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 'டி' என்ற ஆங்கில எழுத்துள்ள பொத்தான் இருக்கிறதா? அதுதான் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை பெரியவர்களை அழுத்தச் சொல்லுங்கள். 'டக்' என்று விழுந்தால் காவல்காரர் விழித்திருக்கிறார். விழாவிட்டால் வயர்மேனை அழைக்கச் சொல்லுங்கள். பொத்தானே இல்லையா? அதையும் வயர்மேனிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது, சரிதானே?